அண்ணாந்து பார்த்த வீடு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை உயிரோடும் வழக்கமான ஒல்லியோடும் இருக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய், அத்தானின் இருமல் விட்டதா என்று எழுது.

வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஓடிவிட்டது. மில்லின் மாடியில் நீளமான அறை. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல், மேஜைக்கு மேஜை வண்ணக் கிண்ணங்கள். கீழே அச்சு மெஷின் ஓடத் தொடங்கினால் கிண்ணத்துத் தண்ணீர் நடுங்கும். துணியில் அச்சாகப்போகும் படங்களை வரைவதுதான் என் வேலை. நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், கிறுக்குவதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஆனால் ஆறு மாதம் சோதனைக் காலம். ஜூன் முடிவதற்குள் ஒரே கருவை வைத்து எட்டு டிசைன் கொடுக்க வேண்டும். பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். எங்கள் தலைமை ஓவியருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் நடமாடுவார். நான் ஒரு ரோஜாக் கொத்து வரைந்து காட்டினேன். "இது நீ பாத்த பூவா, வேற துணியில பாத்த பூவா?" என்று கேட்டார். வேறு துணியில் பார்த்ததுதான். மனுஷன் எப்படித்தான் கண்டுபிடித்தாரோ. "படப் புத்தகத்தையெல்லாம் மூடிவை. உனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு இருக்கும்ல, அதை யோசி" என்றார்.

எனக்குத் தெரிந்த இடம் நம் வீடு. அங்கே இப்போது இருப்பது நீ. என்னைவிட உனக்குத்தான் கை நன்றாக வரும் என்பது ஊரறிந்த விஷயம். கண்ணில் எது பட்டாலும் ஒரு தாளில் வரைந்து அனுப்பேன். அழகாக இருக்க வேண்டாம், நீ பார்த்ததாக இருந்தால் போதும்.

தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்,
குண்டூசி


ஜனவரி 30

அன்புள்ள குண்டூசிக்கு,

நாங்கள் சௌக்கியம். அத்தானின் இருமல் போய் என் முதுகில் ஒரு பிடிப்பு வந்திருக்கிறது. வீட்டில் யாராவது ஒருவர் முனகிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு, வெறும் டீயிலேயே காலத்தை ஓட்டாதே.

மூன்று படம் வைத்திருக்கிறேன். முதலாவது, நூலகத்தில் என் மேஜையிலிருந்து தெரியும் புத்தக முதுகுகள். அடுத்தது வாசலில் குடைகள் சொட்டிச் சொட்டித் தரையில் ஆகும் ஈரவட்டங்கள். கடைசியாக நம் சமையலறைத் தரை. அம்மிக்கல் விழுந்து விரிசல் விட்ட மூலை உனக்கு ஞாபகம் இருக்கும். விழவைத்தது நீதான்.

அடுத்த வாரம் என் பிறந்தநாளாம். அத்தான் புதுச் செருப்பு வாங்கிவந்து அலமாரிக்கு மேல் ஒளித்து வைத்திருக்கிறார். அவர் ஒளித்ததை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவர் பார்த்தார். அதுவரை போடக்கூடாது என்று கண்டிப்பு வேறு.

ஒன்று மட்டும் எழுதியே ஆக வேண்டும். அம்மா படுத்திருந்தபோது கடைசி வருடப் படிப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தாய். நீ மறுபடி அந்தக் கல்லூரி வாசலை மிதிக்க எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். நானாவது உன்னைத் தடுத்திருக்க வேண்டும், எனக்கும் துணை தேவைப்பட்டது, பேசாமல் இருந்துவிட்டேன். இந்தத் தடவை வானமே இடிந்தாலும் எட்டையும் முடிக்காமல் எழுந்திருக்காதே.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான், விரல் இடுக்கில் ஒட்டிய நீலம் மட்டும் போக மறுக்கிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? அத்தானைத் தைலம் தேய்க்கச் சொல். பிறந்தநாளுக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கே போனீர்கள்?

புத்தக முதுகுகளைப் பூதக்கண்ணாடி ஏற்கவில்லை. "நல்லா இருக்கு, ஆனா இதை யாரும் உடுத்திக்க மாட்டாங்க" என்றார். ஈரவட்டத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆக, நாம் சரியான திசையில்தான் போகிறோம். பயன்படும் பொருளை விட்டுவிடு. யாரும் பார்க்காததைப் பார்.

போன வாரமே உன் கடிதத்தை எதிர்பார்த்தேன். சீக்கிரம் எழுது.

அன்புடன்,
குண்டூசி


மார்ச் 20

அன்புள்ள குண்டூசிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. நானும் அத்தானும் இருக்கிறோம். உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா?

நூலகத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். அதனால் எனக்கு நீண்ட விடுமுறை. வீட்டில் சும்மா இருக்கும்போதுதான் நீ சொன்னது புரிகிறது, யாரும் பார்க்காதது நிறையவே இருக்கிறது. ஜன்னல் கம்பியின் நிழல் காலையில் சுவரின் உச்சியில் கட்டம் கட்டமாக விழுகிறது. பத்து மணிக்குக் கட்டங்கள் சரிந்து மூலையில் மடங்கிக்கொள்கின்றன. கூரையில் பழைய மழை ஒழுகிய கறை இருக்கிறதே, அதற்கு ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடு, அதற்குள் இன்னொரு கோடு, அதற்குள் இன்னொன்று. மின்விசிறியை நிறுத்தினால் ஒவ்வொரு இறக்கையின் முன் ஓரத்திலும் மட்டும் தூசி. பின் ஓரம் சுத்தம். இவ்வளவு நாள் இதைக் கவனிக்காமல் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

மூன்றையும் வரைந்திருக்கிறேன். பென்சிலில் எழுதுவதற்கு மன்னிக்கவும், பேனா மக்கர் செய்கிறது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம்! நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

கூரைக் கறையைப் பூதக்கண்ணாடி ஐந்து நிமிடம் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "யாரு வரைஞ்சது?" என்றார். "எங்க அக்கா" என்றேன். "அவங்களை வேலைக்கு எடுத்திருக்கலாம் போலயே" என்றார். சிரித்தேன், கொஞ்சம் எரிந்தது. கரு கிடைத்துவிட்டது அக்கா: 'வீட்டுக்குள் யாரும் பார்க்காதவை.' கறையும் கம்பி நிழலும் முதல் இரண்டு டிசைன். விசிறி மூன்றாவது.

நீ நினைப்பதுபோல ஒரு படம் வரைந்தால் முடிந்துவிடாது. ஒரு சதுரத்தில் வரைந்ததன் வலது ஓரம் அடுத்த சதுரத்தின் இடது ஓரத்தோடு சேர வேண்டும், மேல் ஓரம் கீழ் ஓரத்தோடு. துணி எவ்வளவு நீளம் ஓடினாலும் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியக்கூடாது. ஓரத்தை மறைப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை.

இன்னும் அனுப்பு. பேனா வாங்கக்கூட அத்தானுக்கு மனசு வரவில்லையா? கஞ்சன் என்று நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
குண்டூசி


ஏப்ரல் 22

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் கடிதத்தை அத்தான் இரண்டு முறை உரக்கப் படித்தார், கஞ்சன் என்ற இடத்தை மட்டும் மெதுவாக. இங்கே எல்லாம் வழக்கம்போல. நீ தூங்குகிறாயா?

ஓரத்தை மறைப்பது பாதி வேலை என்று எழுதியிருந்தாய். எனக்கும் அந்தத் தொழில் கொஞ்சம் வரும் என்று நினைக்கிறேன்.

இந்த முறை ஜன்னலுக்கு வெளியே. பின்பக்க மரத்தின் இலைகள், அடிப்பக்கம் மட்டும். மேல்பக்கத்தைவிட நிறம் வெளிறி, நரம்பு புடைத்து இருக்கிறது. வெயில் வந்தால் ஒரு இலையின் நிழல் இன்னொரு இலைக்குள் தெரிகிறது. கம்பியில் உட்காரும் குருவிகளின் வயிறு. சொட்டுகள்: ஒன்றன் கீழ் ஒன்றாக, கண்ணாடிக்குள் விழுகிற மாதிரி. மழையில் பார்த்தது.

கை சீக்கிரம் வலித்துவிடுகிறது, அதனால் கோடு சில இடத்தில் ஆடியிருக்கும். நீ நேராக்கிக்கொள்.

அன்புடன்,
அக்கா


மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. நூலகக்காரர்கள் வெள்ளையடிக்கிறார்களா, அரண்மனை கட்டுகிறார்களா? வேலை இல்லாத அக்கா எனக்கு வசதிதான், இருந்தாலும் கேட்கிறேன்.

ஆடிய கோட்டை நேராக்க மாட்டேன். பூதக்கண்ணாடி அதைத்தான் ரசித்தார். சொட்டில் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்: "மழை இப்படி ஒரே வரிசையில, ஒரே இடைவெளியிலயா விழும்?" எங்கள் ஊர் மழைக்கு ஒழுக்கம் அதிகம் என்று சமாளித்தேன். ஆறு டிசைன் ஆகிவிட்டது அக்கா! இன்னும் இரண்டுதான்.

ஆனால் எல்லாமே மேலேயே இருக்கிறது. கூரை, விசிறி, இலை, குருவி. அந்தரத்தில் தொங்கும் வீடுபோல. அம்மா இருந்திருந்தால் "எழுந்து உக்காருடி சோம்பேறி" என்று உன் காலில் ஒரு தட்டு தட்டியிருப்பாள். படுத்துக்கொண்டே வரைகிறாயா என்ன? கொஞ்சம் எழுந்து வாசல் வரை நடந்து பார். தரையை வரை. வாசலில் கிடக்கும் செருப்புகளை வரை. நீ முதலில் அனுப்பிய ஈரவட்டம்போல ஒன்று வேண்டும்.

சீக்கிரம். நாள் நெருங்குகிறது.

அன்புடன்,
குண்டூசி


மே 27

அன்புள்ள குண்டூசிக்கு,

நலமா? நான் இருக்கிறேன். அத்தான் இப்போது சாதம் குழையாமல் வடிக்கிறார், அதுதான் இங்கே பெரிய செய்தி.

செருப்பு கேட்டாயே, வைத்திருக்கிறேன். மூன்று ஜோடி. அத்தானுடையது, என் பழையது, என் புதியது. பழையதில் வலது குதிகாலின் வெளி ஓரம் எப்படித் தேய்ந்திருக்கிறது பார். நான் கோணலாக நடக்கிறேன் என்று அம்மா சொன்னது பொய்யில்லை.

தரை அடுத்த முறை.

அக்கா


ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இவ்வளவு சின்னக் கடிதம் எழுதினால் எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியாதா?

செருப்பு என்றதும் மேலிருந்து பார்த்ததைத்தான் எதிர்பார்த்தேன். நீ அடிப்பாகத்தை வரைந்திருக்கிறாய்! யாருக்குத் தோன்றும் இது? இரண்டு ஜோடியில் அத்தனை தேய்மானமும் கீறலும், மூன்றாவது ஜோடியில் ஒரு கோடுகூட இல்லாமல் வெறுமையாக விட்டிருக்கிறாயே, கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதற்கு, அது தேர்ந்த கை செய்கிற காரியம். ஏழாவது முடிந்தது. இப்போது இலையைப் பெரிதாக வரைய வேண்டும், மில் முற்றத்தில் அதே மரம் ஒன்று நிற்கிறது. பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

*

அக்கா, காலையில் பாதியில் விட்ட கடிதத்தைத் தொடர்கிறேன்.

மரத்தடியில் நின்று பார்த்தேன். உன் படம்போல வரவில்லை. கழுத்தை வளைத்தேன், நாற்காலி போட்டு ஏறினேன். எப்படிப் பார்த்தாலும் அடிமரம் குறுக்கே வந்தது. உன் படத்தில் அடிமரமே இல்லை, கிளைகள் தலைக்கு மேல் கவிந்து நிற்கின்றன. கடைசியில் சிமெண்டு பெஞ்சில் மல்லாந்து படுத்தேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் படுத்தேன்.

அப்படியே இருந்தது. இலைக்கு இலை அப்படியே.

மாடிக்கு ஓடி வந்து பலகையில் குத்தியிருந்த படங்களைப் பார்த்தேன். சுவரின் உச்சி. கூரை. விசிறி. குருவியின் வயிறு. செருப்பின் அடி. பிப்ரவரிக்குப் பிறகு நீ அனுப்பிய ஒன்றில்கூடத் தரை இல்லை. புதுச் செருப்பில் தேய்மானம் இல்லாதது நீ விட்ட வெறுமை இல்லை. நீ அதைப் போடவே இல்லை.

படுத்துக்கொண்டு, தாளைத் தலைக்கு மேல் பிடித்து, பேனாவால் உன் விலாசத்தை எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வரியில் மை நின்றுவிட்டது.

அக்கா, எப்போதிலிருந்து படுத்திருக்கிறாய்? சோம்பேறி என்று எழுதினேனே உனக்கு. எழுந்து நட என்று எழுதினேனே. நாலு மாதமாக நீ பார்த்ததை மட்டும் பார்த்தேன், எங்கே இருந்து பார்க்கிறாய் என்று ஒரு தடவை யோசித்திருந்தால் போதும்.

உடனே எழுது. இல்லை, எழுதாதே, நான் வருகிறேன்.

குண்டூசி


ஜூன் 9

அடியே குண்டூசி,

வராதே. முதலில் இதைப் படி.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் நூலகத்தில் நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்துவிட்டேன், எழ முடியவில்லை. முதுகுத்தண்டில் கட்டி. கத்தி வைத்துப் பயனில்லை என்று இரண்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவும் தெரிவதில்லை. ஒருபக்கமாகச் சாய்ந்தாலும் மூச்சு முட்டுகிறது, அதனால் மல்லாந்தே கிடக்கிறேன். சொட்டுகள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வரைந்தது, தலைக்கு மேல் தொங்கிய பாட்டிலில் பார்த்தேன். பூதக்கண்ணாடி பொல்லாதவர். நூலகத்துக்கு வெள்ளையடித்தது உண்மை, இரண்டே நாளில் முடித்துவிட்டார்களாம்.

செருப்பை அத்தான் என் தலைக்கு மேல் சுவரில் இருந்த கண்ணாடித் தட்டில் வரிசையாக அடுக்கினார். எனக்குத் தெரிகிற மாதிரி. "இதெல்லாம் தேவையா?" என்று கேட்டுக்கொண்டேதான் அடுக்கினார். அவர் ஒவ்வொரு கடிதத்திலும் உண்மையை எழுதச் சொன்னார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர்மேல் கோபப்படாதே.

சோம்பேறி என்று நீ எழுதியதைப் படித்து நாங்கள் சிரித்தோம். நிஜமாகவே சிரித்தோம். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. உனக்காக எதையாவது தேடவேண்டும் என்றுதான் தினமும் கண்ணைத் திறந்தேன், இல்லாவிட்டால் அது வெறும் கூரை. எனக்குப் பயமாக இருக்கிறது, குண்டூசி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டாவதை முடி. முடித்துவிட்டு வா. எனக்கு ஒன்று வேண்டும்: தரை. நின்றுகொண்டு குனிந்தால் தெரியுமே, அது. நான் மறந்துகொண்டு வருகிறேன். இந்த முறை நீ பார்த்து எனக்கு வரை.

உன் சௌக்கியத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா


செப்டம்பர் 15

அன்புள்ள குண்டூசிக்கு, அத்தான் எழுதுவது.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு. எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை, அதெல்லாம் அவள் வேலை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கிளம்பிப் போனபின் ஏணியை எடுத்துவந்து கூரையில் நாம் கட்டிய துணியை அவிழ்க்கப் பார்த்தேன். முடியவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அந்தத் துணிச் சுருளோடு நீ வந்து நின்ற அன்று, வேலையை முடிக்காமல் ஏன் வந்தாய் என்று உன்னைத் திட்டினாளே, அதற்குப் பிறகு அவள் உரக்கப் பேசவே இல்லை. இது எட்டாவது டிசைன், முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன் என்று நீ விரித்துக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டாள். சமையலறை விரிசல், குடை சொட்டிய வட்டம், உன் மில்லில் தரையெல்லாம் சிதறிக் கிடக்கும் துண்டுத் துணிகள். அவளுக்கு நேர் மேலே அதைக் கட்டியபின் மூன்று வாரமும் வேறெங்கும் பார்க்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கடைசி நாள் காலையில் நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தாய். துணியைப் பார்த்துக்கொண்டே, "நடக்கிற மாதிரியே இருக்குங்க. கால் விரல் அசையுதா பாருங்க" என்றாள். போர்வையை விலக்கிப் பார்த்தேன். "அசையுது" என்றேன். அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இருக்கிறது. உன்னிடம் கேட்கத்தான் எழுதுகிறேன், வேறு யாரிடம் கேட்பது.

புதுச் செருப்பு அலமாரியில் இருக்கிறது. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு என்று சொல்வாள். பார்சலில் அனுப்புகிறேன். எடுத்து வைத்துக்கொள்ளாதே, போட்டு நட.

இப்படிக்கு,
அத்தான்


நவம்பர் 18

அன்புள்ள அத்தானுக்கு,

நலம் என்று எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன். மறுபடி இருமல் வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா எழுதியிருக்கிறார். தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள், நீங்களாகவே.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அசைகிறது என்றுதான் சொல்லியிருப்பேன். அவளும் என்னிடம் நாலு மாதம் ஓரத்தை மறைத்தவள்தானே, கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. அவளிடம் சொல்ல வேண்டிய செய்தி, உங்களிடம் சொல்கிறேன். இலை டிசைன் கடைகளுக்கு வந்துவிட்டது. போன வாரம் பஸ் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் அதைச் சட்டையாகத் தைத்துப் போட்டிருந்தாள். தையல்காரர் துணியைத் தலைகீழாக வெட்டியிருந்தார். எனக்கு மட்டும்தான் அது தெரியும். அந்த இலைகள் எப்படித் திருப்பினாலும் சரியாகத்தான் இருந்தன. பஸ் வந்து அவள் ஏறிப் போனபிறகும் நான் அங்கேயே நின்று அழுதேன்.

செருப்பு போன மாதமே வந்துவிட்டது. முதலில் பெட்டியோடு அலமாரியில்தான் வைத்தேன், உங்கள் பேச்சை மீறி. ஒரு வாரம் கழித்துப் போட்டுக்கொண்டேன். அளவு சரியாக இருக்கிறது. இடது வார் இரண்டு நாள் கடித்தது, இப்போது இல்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் மில்லுக்குப் போகிறேன், மாடி ஏறி இறங்குகிறேன், காய்கறி வாங்குகிறேன். நேற்று நல்ல மழை, சேற்றில் எல்லாம் நடந்தேன்.

இன்று காலை கழுவும்போது திருப்பிப் பார்த்தேன், அத்தான். வலது குதிகாலின் வெளி ஓரம் தேய ஆரம்பித்திருக்கிறது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குண்டூசி